கல்யாண் வண்டியில் கிடைத்த இடம்

எங்கள் வீட்டுச் சுவர் விழுந்த நேரத்தில் நான் மாட்டுங்காவில் கல்லூரி வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். அறுபதுகளின் நடுவில், ஓர் ஆகஸ்ட் மாதம். விடாத மழை. மாலையில் தாராவிக்குத் திரும்பினால், அம்மா சந்தில் கவிழ்த்துப் போட்ட அண்டாவின் மேல் உட்கார்ந்திருந்தார். தங்கைகள் இருவரும் அவரை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அதற்கு ஸ்தோத்திரம். ஆனால் வீடு இல்லை. மீதிச் சுவர்களும் நிற்காது, உடனே காலி செய்யுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

அப்பாவுக்குக் குர்லாவில் ஒரு பட்டறையில் வேலை. உடன் வேலை செய்தவர், கல்யாணில் ஓர் அறை காலியாக இருப்பதாகச் சொன்னார். அந்த வாரமே மிஞ்சிய சாமான்களை லாரியில் ஏற்றிப் போய்விட்டோம். யோசிக்க நேரமில்லை. ஈரத்தில் ஒட்டிப்போன என் புத்தகங்களை வழியெல்லாம் பக்கம் பக்கமாகப் பிரித்துக்கொண்டே போனேன்.

பி.ஏ. கடைசி ஆண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். புது அறையிலோ உட்கார்ந்து படிக்க ஒரு மூலை கிடையாது. வகுப்பு காலையில். அப்பாவும் நானும் சேர்ந்தே ஸ்டேஷனுக்குப் போவோம். அவர் ஆண்கள் பெட்டியில் தொற்றிக்கொண்டு போய்விடுவார். நான் பெண்கள் பெட்டியை நெருங்குவதற்குள் வண்டி நகர்ந்துவிடும். அடித்துப் பிடித்து வேறு வண்டியில் போய்ச் சேர்ந்தால் வகுப்புக் கதவு சாத்தியிருக்கும். வருகை குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்று பேராசிரியர் எச்சரித்தார். அன்று முதல் என் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தாலும் வண்டியைத் தவறவிட்டது போலப் பாதியில் எழுந்துவிடுவேன்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் பயந்துபோனார்.

"இந்தக் கூட்டத்துல நீ எப்பிடிட்டி ஏறி எறங்குவ? கால் தவறுனா என்ன ஆவும்? படிச்சது போதும், வீட்ல இரு."

"கடைசி வருசம்ப்பா."

"சரி, சனிக்கிழம வரைக்கும் பாப்போம். முடியலன்னா நின்னுரணும்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஜெபம் பண்ணுட்டி. வேற என்னத்தச் சொல்ல?"

மறுநாளும் வண்டி என்னை விட்டுவிட்டுப் போனது. பிளாட்பாரத்தில் நின்று அழுதேன். முழங்கால்படியிட இடமில்லை. பக்தியான வார்த்தையும் வரவில்லை. கோபம்தான் வந்தது. "ஆண்டவரே, வீடு போச்சு. படிப்பும் போகணுமா? எனக்கு உட்கார ஓர் இடம் கொடும்" என்று வாய்விட்டே கேட்டேன்.

பக்கத்தில் நின்ற மராத்திக்கார அம்மா ஒருவர் திரும்பிப் பார்த்தார். "ஏ போரி, க்யூன் ரோத்தி?" என்று, பெண்ணே ஏன் அழுகிறாய் என்று கேட்டார். அவர் பெயர் சுமன். தாதரில் ஒரு மருத்துவமனையில் ஆயா. தாராவித் தெருவில் கற்ற இந்தியில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சிரித்துவிட்டார். நான் ஏறப் பார்த்த வண்டி அம்பர்நாத்திலிருந்தே நிறைந்து வருவதாம். அதற்கு முன்னால் ஒன்று கல்யாணிலிருந்தே காலியாகப் புறப்படுகிறதாம். அவர் தினமும் போவது அதில்தானாம், அன்று தாமதமாகிவிட்டதாம். "நாளைக்குச் சீக்கிரம் வா. இதே தூணருகே நில்" என்றார்.

மறுநாள் அப்பாவை அவசரப்படுத்திக் கிளப்பினேன். வண்டி நிற்பதற்குள் சுமன் அக்கா குதித்து ஏறி, ஜன்னலோரத்தில் கைக்குட்டையை விரித்துவிட்டார். பிறகு என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "இது படிக்கிற பொண்ணு. யாரும் இடிக்கக் கூடாது" என்று எல்லோருக்கும் மராத்தியில் உத்தரவு போட்டார்.

அதற்குப் பிறகு அந்த ஜன்னலோரம்தான் என் படிப்பறை. சுற்றிலும் பெண்கள் கீரை ஆய்வார்கள், தங்கள் சாமியைப் பாடுவார்கள். குரல் ஓங்கினால் சுமன் அக்கா ஒரு பார்வை பார்ப்பார்; பாட்டு தானாகத் தாழும். ஆண்டவர் அனுப்பிய உதவி என் சபையிலிருந்து வரவில்லை. முதலில் அது எனக்குத் திகைப்பாகத்தான் இருந்தது. பிறகு, அப்படித் திகைத்ததற்காக வெட்கப்பட்டேன்.

சனிக்கிழமை குர்லாவில் இறங்கிய அப்பா, பெண்கள் பெட்டி ஜன்னலுக்கு வந்தாராம். நான் புத்தகத்திலிருந்து தலை தூக்கவில்லை. என் பக்கம் சரிந்த ஒரு கூடைக்காரியை சுமன் அக்கா அதட்டிக்கொண்டிருந்தார். அப்பா அப்படியே பட்டறைக்குப் போய்விட்டாராம். மாலையில் அம்மாவிடம் சொன்னார்: "அவ படிக்கட்டும். நம்மள விட அந்த அம்மா நல்லாப் பாத்துக்கிடுதாங்க."

பரீட்சை நாளன்று சுமன் அக்கா, நல்ல காரியத்துக்குப் போகிறவர்களுக்குக் கொடுக்கும் அவர்கள் வழக்கப்படி, டப்பாவில் தயிரும் சர்க்கரையும் கொண்டுவந்து என் வாயில் ஊட்டினார். நான் கண்ணை மூடி ஜெபித்தேன். திறந்தபோது, அவரும் எனக்காகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தேறினேன். செம்பூரில் ஆசிரியையாக நெடுங்காலம் வேலை பார்த்தேன். கலங்கிய முகத்தோடு ஒரு பிள்ளை வகுப்புக்குத் தாமதமாக வந்தால், முதலில் உட்கார வைத்துவிட்டுத்தான் காரணம் கேட்பேன்.

பிரியமானவர்களே, பழைய வீட்டைத் திருப்பித் தாரும் என்றும் நான் எத்தனையோ முறை கேட்டேன். அது கிடைக்கவில்லை. கல்யாணிலேயேதான் வாழ்ந்தோம், குறையில்லாமல் வாழ்ந்தோம். இதை வாசிக்கிற உங்களில் ஒருவர், எங்கே போகிறோம் என்றே தெரியாமல் இன்று மூட்டை கட்டிக்கொண்டிருக்கலாம். நல்ல வார்த்தைக்காகக் காத்திருக்க வேண்டாம். அழுகை வந்தால் அழுகையோடு, கோபம் வந்தால் கோபத்தோடு ஆண்டவரிடம் பேசுங்கள். பதில் எந்த முகத்தோடு, எந்தப் பாஷையில் வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். என்னைக் கைவிடாதவர் உங்களையும் கைவிடமாட்டார்.