கற்பூரச் சூடும் காற்று போன சொகுசு வண்டியும்

மேச்சேரி ஆட்டுப்பட்டியையே விற்றுவிட்டு வந்த என் மச்சினனுக்காக, இன்று நாமக்கல்லில் ஒரு பழைய சொகுசு எஸ்யூவி பார்க்கப் போனோம்.

பானட்டைத் தொட்டேன். ஊருக்கே தோசை சுடலாம். ஆறிய எஞ்சினைக் கிளப்பும்போது அது கக்கும் புகையை மறைக்க, நாங்கள் வரும் முன்பே ஓட்டிச் சூடேற்றியிருக்கிறார்கள்.

கேட்டால் புரோக்கர், "காலையில கற்பூரம் காட்டுனோமுங்க, அந்தச் சூடுங்க" என்கிறார். காட்டியது கற்பூரமா, எரிமலையா?

டீ குடித்து முடிப்பதற்குள் வண்டியின் பின்புறம் பாதாள லோகம் வரை இறங்கிவிட்டது. வண்டியைத் தூக்கி நிறுத்தும் ஏர் சஸ்பென்ஷனில் காற்று கசிகிறது.

"பெரியவங்களைக் கண்டா பணியுமுங்க சாமி" என்றார் புரோக்கர், கூசாமல்.

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சினன் அட்வான்ஸை நீட்டிவிட்டான். "ஊட்டுல ஒருத்தரும் எனக்கு இப்படிப் பணியறதில்லீங்க மாமா."

வண்டி இன்னும் எழுந்திருக்கவில்லை. மரியாதை போதும் என்று அதற்கு யார் சொல்வது?