பத்மநாபபுரம் போகும் வேன்

களியக்காவிளையில் டீக்கு நின்ற வேன் மறுபடி கிளம்பவில்லை. எஞ்சினில் கோளாறு இல்லை. ஆட்களிடம்தான். திருவிதாங்கூரின் பழைய தலைநகரான பத்மநாபபுரத்தைச் சுற்றிக்காட்டுவது என் பிழைப்பு. கைடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், ராஜாக்களைச் சமாளித்துவிடலாம், பார்க்க வருகிறவர்களை முடியாது.

பழசும் புதுசும்

அன்று கேரளத் தலைநகரின் பழவங்காடியில் வண்டி ஏறும்போதே ஆரம்பம். அரண்மனை இங்கே கோட்டைக்குள்ளேயே இருக்கிறதே என்றார் ஒருவர். இது பிறகு வந்தது, முதலில் தலைநகர் பத்மநாபபுரம், ராஜா அதை விட்டுவிட்டு இங்கே குடிவந்தார் என்றேன்.

"அப்ப புதுசு நடக்கிற தூரத்துல இருக்கு, பழசைப் பாக்க வண்டி வச்சுக் கூட்டிட்டுப் போறீரு. நல்லா இருக்குவே உம்ம தொழில்."

மூலிகைக் கட்டில்

பாலராமபுரம் தாண்டியதும் ராஜாவின் கட்டிலைப் பற்றிச் சொல்வேன். மூலிகை மரங்களால் செய்தது, உடம்புக்கு நல்லது என்பார்கள். வழக்கமாக "அடேயப்பா" வரும். அன்று பின்சீட்டு அம்மாள் கேட்டாள்: "அதுல படுத்தும் செத்துத்தானே போனாரு?"

எல்லை

மாநில எல்லையான களியக்காவிளையில், டீக்கடை வாசலில் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரள அரசு. எப்போதும் வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுவேன். அன்று தொண்டை கட்டியிருந்தது. மெதுவாக வந்துவிட்டது.

பழவங்காடிக்குப் பக்கத்துச் சாலை பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் சண்முகம் கிளாஸைக் கீழே வைத்தார். "மண்ணு எங்களது. சாவி மட்டும் அவங்க கையிலயா?" ரிட்டயர்டு வாத்தியார் கோபாலன் நாயர் விடவில்லை. "ராஜாவு நம்மளுடெ ராஜாவல்லே, சாரே!" ராஜா தங்கள் ராஜாதானே என்கிறார். இவர் மன்னிப்புக் கேட்டால்தான் அவர் ஏறுவாராம். அவர் கேட்டால்தான் இவர்.

சண்முகம் என் முதலாளிக்குப் போன் போடப் போனார். இன்னொரு புகார் வந்தால் வேலைக்கு வரவேண்டாம் என்று முதலாளி முன்பே சொல்லியிருந்தார். அரண்மனையில் டிக்கெட் கவுண்டர் மூடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஏறுங்கய்யா என்று கெஞ்சினேன். ராஜாக்களையே சமாளிக்கிற நான்! டிரைவர் இரண்டாவது டீ வாங்கிக்கொண்டு ஓரமாய்ப் போனான். "சண்டை தீர்ந்தா விளிக்கணும், அண்ணாச்சி."

ஜன்னலோரம்

சண்முகத்தின் மனைவி தங்கம் பழவங்காடியிலிருந்தே கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். இப்போது ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். நாயர் சிரித்துவிட்டார். சண்முகம் போனைப் பையில் போட்டார். இரண்டு பேரும் ஏறினார்கள், கவுண்டர் மூடுவதற்குள் போய்ச் சேர்ந்தோம். அவள் சொன்னது இவ்வளவுதான்: "ராஜாவே வேண்டாம்னு காலி பண்ணிட்டுப் போன வீட்டுக்கு நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுதீங்களாக்கும்? வெயிலு அடிக்கி, ஏறுங்க!"

இரண்டு மாநிலத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட என் வேலையைக் காப்பாற்றியவள், என் சரித்திரம் கேட்டுத் தூங்கிவிட்டாள் என்று நான் நினைத்திருந்த தங்கம்.