காய் கேட்கிற அத்தான்

என் அக்காள் மில்ட்ரெடின் கணவர் டக்ளஸ் அத்தான் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது இரண்டே முறைதான். முதல் முறை என் கல்யாணத்தன்று, மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாகச் சர்ச் படியில் வழுக்கி விழுந்தபோது. இரண்டாவதைப் பிறகு சொல்கிறேன். இந்தச் சிடுமூஞ்சிதான் புனேத் தமிழர்களை இத்தனை வருஷமாகச் சிரிக்க வைத்த ஜோடியில் பாதி என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள்.

மற்ற பாதி தங்கராஜ் அண்ணன். குடியாத்தத்துக்காரர்; ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கோ திருநெல்வேலிப் பக்கம். இவர்கள் சிநேகமானதே ஒரு அடிதடியில்தான். நெரிசலான பஸ்ஸில், புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு தமிழ்ப் பெண் கண்டக்டரை எட்டமுடியாமல் காசோடு தவிப்பதை அத்தான் பார்த்திருக்கிறார். வாங்கிக் கொடுத்து உதவலாமே என்று கையை நீட்டி, இறங்கும் இடத்தைக் கேட்டார்: “தாபோடி?”

அந்தப் பெண் வேதநாயகிக்கு ஊர்ப்பேர் இன்னும் மனதில் படியவில்லை. முன்பின் தெரியாத ஒருவன் கையை நீட்டி “தா, போடி” என்கிறான் என்றுதான் காதில் விழுந்தது. பின்னால் நின்ற புருஷன் தங்கராஜ் அத்தானின் சட்டையைப் பிடித்துவிட்டார். விஷயம் விளங்கியதும் இறங்குகிறவரை தங்கராஜ் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். அத்தான் சிரிக்கவில்லை. பொத்தான் போன சட்டையைப் பிடித்தபடி நேராக நின்றாராம். ஜோடி அன்றைக்கே அமைந்துவிட்டது.

அத்தானுக்கு ராணுவ அலுவலக நூலகம் ஒன்றில் கிளார்க் வேலை. மாற்றலாகிப் போன அதிகாரிகள் விட்டுச்சென்ற வீடியோ கேசட்டுகளில் பிரிட்டிஷ் டெலிவிஷன் நகைச்சுவை கொட்டிக் கிடந்தது. எதைப் போட்டாலும் இரண்டு பேர். ஒருவர் கோட்டும் டையுமாக நிற்பார், மற்றவர் குட்டிக்கரணம் போடுவார். ஊர் உலகமெல்லாம் குட்டிக்கரணத்தைப் பார்த்தபோது அத்தான் மட்டும் நிற்கிறவரைப் பார்த்தார்.

“அவன் சரியா நிக்கலன்னா இவன் விழுததுக்கு யாரும் சிரிக்கமாட்டாம்” என்பார். “அங்கல்லாம் நேரா நிக்கவம் பேருதான் மொதல்ல வரும், தெரியுமா?”

“அப்பம் மத்தவன் கோணலா நிப்பானோ?” என்பாள் அக்காள். “சும்மா நிக்கதுக்கு ஒரு பேரு, அதுக்கு ஒரு போஸ்டரு!”

பிரிட்டனில் இரண்டு பேர் சேர்ந்துதான் எழுதுவார்களாம். ஒருவர் டைப் அடிக்க, மற்றவர் அறைக்குள் உலாத்துவாராம். எந்த வரி யாருடையது என்று செத்தாலும் சொல்லமாட்டார்களாம். அத்தான் அதையே சட்டமாக்கினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் தங்கராஜ் அண்ணன் வீட்டுச் சமையலறையில் இவர் உட்கார்ந்து எழுத, அவர் உலாத்துவார். அங்கே உலாத்த என்ன இடம் இருக்கிறது? இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் வேதநாயகி அக்காவின் கையில் தோசைத் திருப்பி. யார் எழுதியது என்று கேட்டால் இருவருக்கும் ஒரே பதில்: “நாங்க எழுதினது.”

அவர்களின் பேர்போன நாடகம் ஒன்று உண்டு. மராத்தியில் ‘காய்’ என்றால் ‘என்ன’. ‘இல்லை’ என்பதைப் பேச்சுவாக்கில் ‘நாய்’ என்பார்கள். அத்தான் விறைப்பான மராத்தி அதிகாரியாக நின்று “காய்?” என்பார். இப்போதுதான் ரயிலைவிட்டு இறங்கிய தங்கராஜ் அண்ணன் காய்கறி கேட்கிறார் என்று நினைத்து, காலிப் பையை உதறிக் காட்டி, கற்றுவைத்திருக்கும் ஒரே மராத்திச் சொல்லைச் சொல்வார்: “நாய்.” கூட்டம் உருளும். தமிழ் எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாத பிள்ளைகளுக்கும் இது புரியும். கைதட்டல் முழுக்க நாய்க்குத்தான். காய்க்கு யாரும் தட்டியதில்லை.

போன தைக்கு எங்கள் தமிழ்ச் சங்கத்துக்குப் புதுச் செயலாளர் வந்தான். விஜய், ஹடப்சரில் கம்ப்யூட்டர் வேலை. “டபுள் ஆக்ட் பழசு ஆன்ட்டி, இப்ப ஸ்டாண்டப்தான்” என்று என்னிடமே சொன்னான். பொங்கல் விழாவுக்குத் தங்கராஜ் அண்ணன் மட்டும் போதும் என்று முடிவு. தனி மைக் என்றதும் அண்ணனும் பல்லை இளித்துவிட்டார். வாட்ஸப்பில் அழைப்பு வந்தது: ‘எழுத்து, நடிப்பு: தங்கராஜ்.’

அத்தான் அதைத் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“நடிப்புன்னு போட்டுக்கிடட்டும் ஜோசபின். எழுத்துன்னும் போட்டுட்டானே” என்றார்.

தங்கராஜ் அண்ணன் போன் செய்தார், அத்தான் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நாற்காலியில் உட்கார்ந்து, துடைத்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமும் அந்த மனுஷன் மேடையில் சும்மாவே நின்றுவிட்டுப் போனதாக ஊரே சேர்ந்து தீர்மானித்துவிட்டது. அவரே அதை நம்பத் தொடங்கிவிட்டாரோ என்பதுதான் என் பயம்.

விழாவுக்கு வரவே மாட்டேன் என்றவர், அன்று சாயங்காலம் கோட்டும் டையுமாக வந்து ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றார். “போகலன்னா பயந்துட்டம்னு நெனைப்பாம்” என்றார். வானவடி மண்டபத்தில் மூன்றாவது வரிசை. அக்காளுக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

தங்கராஜ் அண்ணன் மேடையேறினார். இடது பக்கம் திரும்பி “காய்?” என்றார். வலது பக்கம் ஓடி “நாய்” என்றார். யாரும் சிரிக்கவில்லை. மறுபடியும் ஓடினார். மூச்சு வாங்கியது. முன் வரிசையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. விஜய் கடிகாரத்தைப் பார்த்தான். அப்போதுதான் அண்ணன் கண்ணில் அத்தான் பட்டார்.

“டக்ளஸு, நீ கேளுபா. ஒரு தபா கேளு.”

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அத்தான் கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையை எடுத்து உதறினார். ஒரு பக்கக் கண்ணாடியைத் துடைத்தார். யாரோ க்ளுக்கென்று சிரித்தார்கள். அடுத்ததைத் துடைத்தார். சிரிப்பு பரவியது. மாட்டிக்கொண்டு, முன்பின் பார்த்திராதவரைப் பார்ப்பதுபோலத் தங்கராஜ் அண்ணனைப் பார்த்தார்.

“கேளுபா, மானம் போவுது!”

அத்தான் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். மண்டபம் அதிர்ந்தது. சிரிப்பு தன்னைப் பார்த்துத்தான் என்று அத்தானுக்குப் புரியவே இல்லை. பின்னால் என்ன என்று திரும்பிப் பார்த்தார். அதற்கு இன்னும் சிரித்தார்கள்.

தங்கராஜ் அண்ணன் மைக்கைப் பிடித்துக்கொண்டு மேடை விளிம்புக்கே வந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை.

“தப்புதான்யா! பேரைப் போட்டது அந்தப் பசங்க. நானும் கம்முனு இருந்துட்டேன். இப்ப இன்னாதான் வோணும் உனக்கு? காய்?”

தவித்த வேகத்தில் மராத்தி தானாக வந்துவிட்டது. அத்தான் எழுந்து நின்றார், நேராக. உண்மையான கோபத்தோடு, வார வாரம் விழுங்கியதையெல்லாம் சேர்த்துச் சொன்னார்:

“நாய்.”

நாற்காலிகள் கவிழ்ந்தன. வேதநாயகி அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். “சும்மா நிக்கதுக்கு” என்று இத்தனை நாள் பேசிய என் அக்காள் நாற்காலியைத் தட்டித் தட்டிச் சிரித்து அழுதாள். நான் அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டேன். தங்கராஜ் அண்ணன் இறங்கி வந்து அவரை இழுத்துக்கொண்டு போய், மேடையின் இடது பக்கம், பழைய இடத்தில் நிறுத்தினார். பிறகு நடந்தது பழைய நாடகம்தான். அன்று காய்க்கும் கைதட்டினார்கள்.

முடிந்ததும் விஜய் ஓடி வந்தான்.

“அங்கிள், கீழே இருந்து ‘நாய்’ சொன்னீங்களே, செம டைமிங்! அது யார் எழுதினது?”

அது எழுதியதே இல்லை, அத்தனையும் நிஜம் என்று எனக்குத் தெரியும். தங்கராஜ் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அத்தான் டையைச் சரிசெய்தார். அண்ணனின் தோளில் கையைப் போட்டார்.

“நாங்க எழுதினது” என்றார். சொல்லிவிட்டு, என் கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக, வாய்விட்டுச் சிரித்தார்.