மஞ்சள் போன படிகம்

என் மனைவி வளர்த்த படிகத்தை எடுத்துவர, அவள் காரியம் முடிந்த மறுமாதம் போடியிலிருந்து ஜீப்பில் மாமாவின், அவள் அப்பாவின், ஏலத் தோட்டத்துக்குப் போனேன். அவளும் நானும் மதுரையில் ஒரே கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர்கள்.

கரைசலை அசையாமல் வைத்து, நீர் மெல்ல ஆவியாக ஆவியாக, பருப்பளவு படிகம் வளர்ப்பாள். அதில் காமா கதிர் பாய்ச்சினால் உள்ளே சில மூலக்கூறுகள் உடைந்து, துணையில்லாத எலக்ட்ரானோடு அங்கேயே சிக்கிக்கொள்ளும். நிறமற்ற படிகம் இளமஞ்சளாகும். காந்தத்தின் நடுவே வைத்து நுண்ணலை செலுத்தினால் அந்த எலக்ட்ரான்கள் வளைகோடுகளாகப் பதிவாகும். மூன்று அச்சுகளில் சுழற்றிப் பதிவெடுத்தால்தான் மூலக்கூறு எங்கே உடைந்தது என்று சொல்லலாம்.

இரண்டு அச்சுகளை அவள் முடித்திருந்தாள். நோய் முற்றி அப்பா வீட்டுக்குப் போனபோது, ஆய்வகத்தில் யாராவது கைவைத்துவிடுவார்கள் என்று படிகத்தைக் கறுப்புத் தாளில் சுற்றிக் குப்பியிலிட்டு உடன் கொண்டுபோனாள். மூன்றாவதை நான் எடுத்து முடிப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

குப்பியைக் கேட்டதும் மாமா வீட்டுக்குள் போகவில்லை. ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோருக்கு நடந்தார். கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. காய்த் தட்டுகளுக்கு மேலிருந்து குப்பியை எடுத்தார்.

"மழை விடவே இல்ல மாப்ளே. வீட்டுல வச்சா பூசணம் பிடிச்சிரும். அவ பொருளாச்சேன்னு இங்கன வச்சேன்."

ஈரத்தில் கெடக்கூடாத எதையும் அங்கே ஸ்டோரில்தான் வைப்பார்கள். நிலப் பத்திரமும் அதே தட்டில் இருந்தது.

தாளைப் பிரித்தேன். மஞ்சள் இல்லை.

"கொண்டாந்தப்ப அழுக்கேறிக் கெடந்துச்சு. இப்பப் பாருங்க, கண்ணாடி கணக்கா இருக்கு," என்றார்.

சூடு பட்டால், கதிரில் உடைந்த துண்டுகள் அசைந்து ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். எலக்ட்ரான்களுக்குத் துணை கிடைத்துவிடும். மறுபடி கதிர் பாய்ச்சலாம். ஆனால் அவள் எடுத்த பதிவுகளோடு அது சேராது. முதலிலிருந்து எல்லாம் என் பதிவுகளாகத்தான் இருக்கும்.

"நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கு மாமா."

திங்கட்கிழமை அதைக் கருவியில் பொருத்தி, மூன்றாவது அச்சில் சுழற்றினேன். எந்தக் கோணத்திலும் வெறும் நேர்கோடு. முழுச் சுற்றும் எடுத்துவிட்டுத்தான் நிறுத்தினேன்.

சாயங்காலம் மாமா போன் செய்தார்.

"அவ விட்டுட்டுப் போன வேலை முடிஞ்சதா மாப்ளே?"

"முடிஞ்சது மாமா."

"நான் பத்திரமா வச்சிருந்தது நல்லதாப் போச்சு," என்றார். அவர் வைக்கும்வரை போனைக் காதில் வைத்திருந்தேன்.