தோல் மட்டும் ஆறிய காயம்

வயலில் வரம்புப் புல்லைச் செருக்கி எடுக்கும்போது, பின்னால் நின்ற மச்சானின் மண்வெட்டி என் கணவரின் குதிகாலுக்கு மேலே பட்டுவிட்டது. மருந்து கட்டினோம். தோல் ஆறியது. ஆனாலும் படி ஏறும்போது முகம் சுளிப்பார்.

"டொக்டருக்கிட்ட காட்டுவமே," என்றேன்.

"காயம் காஞ்சி போச்சி புள்ள. இனி என்னத்தக் காட்டுற?" என்றார்.

சில நாட்களில் எங்கள் சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு சாகாமத்தில் இருக்கும் எங்கள் வயலுக்குப் போனோம். குளத்து மடை திறந்திருந்ததால் வாய்க்கால் கரைமுட்ட ஓடியது. மகளைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் இறங்கினார். எதிர்க்கரையில் ஏறக் காலை ஊன்றியதும், சாக்குக் கிழிவதுபோல் ஒரு சத்தம். அப்படியே சரிந்தார். மகள் தண்ணீருக்குள் போய்விட்டாள்.

"யா அல்லாஹ்! புள்ளயப் புடிங்க!" என்று கத்தினேன்.

அவர் காலை ஊன்ற ஊன்ற விழுந்தார். நீந்தத் தெரியாத நான் குதித்தேன். கலங்கல் தண்ணீரில் கதறிக்கொண்டே கையால் துழாவினேன். கடைசியில் அவளுடைய சட்டை விரலில் சிக்கியது. தூக்கியபோது அசைவே இல்லை. குப்புறப் பிடித்து முதுகில் தட்டினேன், தட்டிக்கொண்டே இருந்தேன். தண்ணீரைக் கக்கிவிட்டு, "உம்மா" என்றாள்.

உழவு மெசின் இழுக்கும் பெட்டியில் ஏற்றி இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

"குதிநரம்பு நாரு நாராச் சேர்ந்த கயிறு மாதிரி, தங்கச்சி," என்றார் டொக்டர். "மண்வெட்டி பட்டு உள்ள பாதி அறுந்திருக்கு. மிச்சப் பாதிதான் முழுப் பாரத்தையும் தாங்கியிருக்கு. பொருந்தின இடத்துக்கும் பழைய பலம் வரல்ல. அதான் இப்ப முழுசா அறுந்திட்டு."

அவரால் இன்றும் அந்தக் குதியை உயர்த்தி நிற்க முடியாது. இப்போது வீட்டில் யாருக்கு வெட்டுப்பட்டாலும், காயம் காய்ந்துவிட்டது என்று அவர்கள் மறுத்தாலும், சண்டை பிடித்தாவது டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன்.