ஏரிப் பக்கத்துக்கு வந்த இணைப்புகள்

எங்கள் வட்டாரத்தின் பழைய விவரங்களைச் சேர்த்து ஓர் இணையதளம் நடத்துகிறேன். அயனம்பாக்கம் பக்கத்து ஏரி ஒன்றைப் பற்றி அதில் எழுதியதை நாலு பேர் படித்திருந்தால் அதிகம். போன கோடையில் திடீரென்று, ஏரியின் பெயரைத் தேடினால் என் பக்கமே முதலில் வந்தது. அசட்டுத்தனமாகப் பூரித்துப் போனேன்.

எந்தெந்தத் தளங்கள் என் பக்கத்துக்கு இணைப்பு கொடுத்திருக்கின்றன என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தேன். அத்தனையும் வீடு விற்கிற தளங்கள், எல்லாம் ஒரே அடுக்குமாடிக்கான விளம்பரம். 'ஏரிக்கரை வாழ்க்கை' என்ற சொற்களைத் தொட்டால் என் பக்கம் திறந்தது. ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக உபரித் தண்ணீர் எந்தப் பள்ளத்தில் இறங்கும் என்று அதில் எழுதியிருந்தேன். அந்தப் பள்ளத்தில்தான் அவர்கள் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. தேடுபொறிக்கு அதெல்லாம் எதற்கு? அங்கேயும் ஏரி, இங்கேயும் ஏரி, இத்தனை பேர் கைகாட்டுகிறார்கள், ஆக முக்கியமான பக்கம் என்று தூக்கி மேலே வைத்துவிட்டது.

விளம்பரத்தில் இருந்த எண்ணை அழைத்தேன்.

"உங்க பேஜுக்கு நாங்க ஃப்ரீயா விளம்பரம் பண்ணிகினு கீறோம் சார். அதுக்கு இன்னாத்துக்கு கோவம்?" என்றான் ஒருவன்.

"அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?"

"ஏரி படம் சூப்பரா கீது சார்."

போனை வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே பாடியிலிருந்து என் மனைவியின் தம்பி இனிப்போடு வந்தான். ஐ.டி. கம்பெனியில் வேலை. அந்த அடுக்குமாடியில்தான் வீடு பதிவு செய்திருந்தான்.

"அவங்க சைட்லயே உங்க லிங்க் இருந்துச்சு மாமா. நம்ம மாமாவே எழுதியிருக்காரேன்னு தைரியமா அட்வான்ஸ் குடுத்துட்டேன்."

"படிச்சியாடா?"

"ரொம்ப நீளமா இருந்துச்சு மாமா."

எதிரில் உட்கார வைத்துப் படிக்கச் சொன்னேன். பாதியிலேயே அவன் முகம் செத்துப்போனது. எத்தனையோ முறை அலைந்தும் முன்பணம் திரும்ப வரவில்லை. கட்டியவனை விட, என் பெயரை நம்பி என் எழுத்தைப் படிக்காத இவன் மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகம்.

போன வாரம் மறுபடி வந்தான்.

"மாமா, அந்தப் பேஜை மட்டும் எடுத்துடுங்க. என் புக்கிங்கை அவர் பேருக்கு மாத்தி வாங்கிக்க ஒருத்தர் கிடைச்சிருக்காரு. அவரு எல்லாத்தையும் நெட்ல தேடிப் படிக்கிற ஆளு."

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணினியைத் திறந்தேன். தெருவைத் தேடுகிறவர்களுக்கும் தென்படட்டும் என்று, அந்தக் கட்டடம் நிற்கிற தெருவின் பெயரைப் பக்கத்தின் முதல் வரியில் சேர்த்தேன். அவன் காபியைத் தொடாமல் எழுந்து போனான். அவன் அக்கா இன்னும் என்னோடு பேசவில்லை.