மைக் பிடித்த வீட்டுக்காரர்

தலைவரம்மாவின் வீட்டுக்காரரே, எங்கள் ஊராட்சியின் மைக்கை நீங்கள் திருடி வைத்திருக்கிறீர்கள். தேர்தலில் ஜெயித்தது உங்கள் மனைவி. கிராம சபையில் பேசுவது நீங்கள். இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியாது.

பெரியநாயக்கன்பாளையம் பக்கம், மலையடிவாரத்தில் எங்கள் ஊர். போன வாரம் கிராம சபை. மேடையில் தலைவரம்மா. பக்கத்து நாற்காலியில் அவருடைய வீட்டுக்காரர். மைக் அவர் கையில்.

மலையோரத்தில் இருளர் குடியிருப்பான பதியிலிருந்து வந்திருந்த வெள்ளி எழுந்தார். அந்த வார்டின் மெம்பர். பதிக்குப் போகும் பாதையில் விளக்கே கிடையாது. இருட்டிவிட்டால் எதிரே யானை நின்றாலும் தெரியாது. வெள்ளியின் மகள் மில் வேலை முடிந்து அந்த வழியாகத்தான் வீடு திரும்ப வேண்டும். அதனால் விளக்கு கேட்டார்.

"நீ உக்காரு அம்மணி. உன்ற ஊட்டுக்காரனை வரச் சொல்லு, பேசிக்கலாம்" என்றார் மைக் பிடித்தவர்.

"அவரு எலக்சன்ல நிக்கலீங்க. நாந்தானுங்க நின்னேன்" என்றார் வெள்ளி. "நீங்களும் நிக்கலீங்களே!"

சபையே சிரித்தது. மைக் பிடித்தவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"நீ ஒருத்தி கேக்கறதுக்கெல்லாம் லைட்டு போட முடியுமா கண்ணு?"

வெள்ளிக்குப் பின்னால் இருந்த பெண் எழுந்தார். "பாதைக்கு லைட்டு வேணுமுங்க." உட்கார்ந்தார். அடுத்தவர் எழுந்தார். "பாதைக்கு லைட்டு வேணுமுங்க." அதற்கடுத்தவர்... பதியில் எந்த விஷயமானாலும் எல்லோரும் கூடிப் பேசி, ஒரே பேச்சாக்கிக்கொண்டுதான் வெளியே வருவார்களாம். வெள்ளி பிறகு என்னிடம் சொன்னார்.

எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுத வேண்டும், இல்லையா? மண்ணாங்கட்டி. பொறாமை! வயிறு எரிந்தது.

முந்தைய கிராம சபையில் நானும் எழுந்தேன், எங்கள் தெருச் சாக்கடைக்காக. காலையில் "நீங்களே கேட்டுப்போடுங்கக்கா" என்று என்னை ஏற்றிவிட்டதே தெருப் பெண்கள்தான். சபையில் ஒருத்தி மொபைலைப் பார்த்தாள். இன்னொருத்தி என் முந்தானையை இழுத்தாள்.

"உக்காருங்கக்கா, எதுக்கு வம்பு? நாளைக்கு அவிய மூஞ்சியில முழிக்கோணுமல்லங்க?"

சாக்கடை இன்னும் நாறுகிறது.

எங்கள் தெருவில் தோப்பு வைத்திருப்பவர்கள் உண்டு. கார் உண்டு. டிகிரி வீட்டுக்கு வீடு உண்டு. எனக்குப் பின்னால் எழுந்து நிற்க ஒருத்தி — ஒரே ஒருத்தி — இல்லை. வெள்ளிக்கு மட்டும் ஒரு வரிசையே இருக்கிறது. எனக்குப் பாதி வரிசையாவது கொடுத்திருக்கக் கூடாதா?

கடைசியில் வீட்டுக்காரர் "பார்க்கலாமுங்க" என்று சபையை முடித்தார். அந்த நேரத்தில் தலைவரம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வீட்டுக்காரர் மைக்கை ஆஃப் செய்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தலைவரம்மா, இனி உங்களைத்தான் கேட்கிறேன். அன்றைக்கு என்ன சொல்ல வந்தீர்கள்? பாதைக்கு லைட் வருமா, வராதா? அடுத்த கிராம சபையில், ஊர் முன்னால், நீங்களே பதில் சொல்லுங்கள்.

மைக்கை முதலில் வாங்குங்கள்.